"டர்ன் இட் ஆஃப்" சரி, "டர்ன் ஆஃப் இட்" ஏன் தப்பு? ஃப்ரேஸல் வெர்ப்: முதல் பாடம்

ஸ்போக்கன் இங்கிலீஷ் கையேடு எதை எடுத்தாலும் கடைசிப் பக்கங்களில் ஒரு நீளப் பட்டியல் இருக்கும். "கிவ் அப்" என்றால் கைவிடு, "கிவ் இன்" என்றால் பணிந்து போ, "கெட் ஓவர்" என்றால் மீண்டு வா. மேலே ஃப்ரேஸல் வெர்ப்ஸ் என்று தலைப்பு. மார்த்தாண்டத்தில் என் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் இதை மடமடவென்று ஒப்பிப்பார்கள். "சரி, அந்த ஃபேனை நிறுத்தச் சொல்லு, ஆனா ஃபேன் என்ற சொல் வரக் கூடாது" என்றால் பாதிப் பேர் "டர்ன் ஆஃப் இட்" என்பார்கள். அர்த்தம் தெரிகிறது, வாக்கியம் வரவில்லை.

இந்த வினைகளைப் பற்றி ஊரில் புழங்கும் கருத்துகளும் கைகொடுக்காது. அதெல்லாம் கொச்சை, பரீட்சையில் எழுதக் கூடாது என்பார் ஒருவர். பின்னால் ஒரு "அப்" போட்டால் இங்கிலீஷ் களைகட்டும் என்பார் இன்னொருவர். அந்த இரண்டாமவரின் உபயம்தான் "கோப் அப் வித்". சமாளிப்பதற்கு ஆங்கிலத்தில் "கோப் வித்" மட்டுமே உண்டு. "கீப் அப் வித்", "கேட்ச் அப் வித்" ஆகியவற்றைக் கேட்ட காது அந்த "அப்"பை இங்கேயும் இழுத்துவந்துவிட்டது.

## விட்டுக்கொடு, தின்னுதீர்

"தம்பிக்கு விட்டுக்கொடு மக்கா" என்று ஒரு தாய் சொல்கிறாள். தமிழ் படிக்க வந்த வெளியூர்க்காரர் அகராதியில் "விடு" பார்க்கிறார், "கொடு" பார்க்கிறார். இரண்டையும் கூட்டினால் அவருக்கு விடை கிடைக்காது. அண்ணன் எதையும் கீழே விடவில்லை, கையில் எடுத்துக் கொடுக்கவும் இல்லை. பிடிவாதத்தைத் தளர்த்தினான், அவ்வளவுதான். இரண்டு சொல் சேர்ந்து மூன்றாவதாக ஒரு வினையாகிவிட்டது.

"பலாப்பழத்தைத் தின்னுதீர்த்தான்" என்பது வேறு வகை. இங்கே தின்றான் என்ற பொருள் அப்படியே இருக்கிறது. மிச்சம் வைக்கவில்லை என்பதை மட்டும் "தீர்" வந்து சேர்க்கிறது.

ஆங்கிலமும் இந்த இரண்டு வேலையையும் செய்கிறது. "கிவ் அப்" முதல் வகை: கொடுப்பதும் இல்லை, மேலே போவதும் இல்லை. "ஈட் அப்" இரண்டாம் வகை: "அப்" அங்கே நம்முடைய "தீர்" செய்யும் வேலையைச் செய்கிறது. ஒரு வினையும் ஒரு சிறுசொல்லும் சேர்ந்து ஒரே வினையாக நடந்துகொண்டால் அதுதான் ஃப்ரேஸல் வெர்ப். அப், ஆஃப், அவுட், ஆன், டவுன், அவே போன்ற அந்தச் சிறுசொல்லுக்கு இலக்கணத்தில் பார்ட்டிக்கிள் என்று பெயர். இனி இதை ஒட்டு என்றே சொல்கிறேன்.

காலம் காட்டும் இடத்தில் மட்டும் இரு மொழியும் பிரிகின்றன. தமிழில் கடைசிச் சொல் மாறும்: விட்டுக்கொடுத்தான், விட்டுக்கொடுப்பான். ஆங்கிலத்தில் முதல் சொல் மாறும், ஒட்டு அசையாது: "கிவ் அப்", "கேவ் அப்", "கிவிங் அப்". இது தெரியாததால்தான் "பிரேக்டவுன் ஆயிடுச்சு" என்று தினமும் பேசும் நாம் ஆங்கிலத்தில் எழுதும்போது "பிரேக்டவுன்டு" என்று எழுதிவைக்கிறோம். "ப்ரோக் டவுன்" என்பதே சரி. ஒட்டிச் சேர்த்து எழுதும் பிரேக்டவுன், செக்கப், செட்டப், மேக்கப், லாகின் எல்லாம் பெயர்ச்சொற்கள். வினையாக்கினால் இரண்டு சொல்லாகப் பிரிந்துவிடும்: "லாக் இன்", "லாக்டு இன்".

இதுவரை பார்த்தது: வினையும் ஒட்டும் சேர்ந்து ஒரே வினை. ஒட்டு சில இடத்தில் பொருளையே மாற்றும், சில இடத்தில் பொருளை முழுமையாக்கும். காலம் காட்டுவது முதல் சொல்.

## பெரிய சொல் வரும், சின்னச் சொல்லில் சறுக்கும்

நம் குமரி மாவட்டத்திலிருந்து நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போகிறவர்களுக்கு இந்தப் பாடம் வெறும் இலக்கணம் அல்ல. அவர்கள் எழுதும் ஓஇடி என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வில், கேட்டு எழுதும் பகுதியின் தொடக்கமே நோயாளியும் மருத்துவப் பணியாளரும் பேசிக்கொள்வதுதான். வாமிட், ஃபெயின்ட், அனஸ்தீசியா எல்லாம் நம் பிள்ளைகளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் நோயாளி அந்தச் சொற்களில் பேச மாட்டார். "ஐ த்ரூ அப் ட்வைஸ்" என்பார். இரண்டு தடவை வாந்தி எடுத்தாராம். "தி டேப்லட் இஸ் வேரிங் ஆஃப்" என்பார். மாத்திரையின் வேகம் அடங்கிக்கொண்டு வருகிறது. "ஐ கேம் ரவுண்ட்" என்றால் மயக்கம் தெளிந்தது. "த்ரோ" தெரியும், "அப்" தெரியும், ஆனாலும் தேர்வெழுதும் பெண் பேனாவை வைத்துக்கொண்டு திகைத்து உட்கார்ந்திருப்பாள். எறிதலும் மேலும் எங்கிருந்து வந்தன?

குலசேகரம் பக்கத்து மாணவி ஒருத்தி வேலைக்கு அனுப்ப எழுதிய தன்விவரத் தாளில் "ஐ பாஸ்டு அவுட் இன் 2022" என்று இருந்தது.

"இத மாத்தணும்" என்றேன்.

"அதுல என்ன தப்பு டீச்சர்? காலேஜ்ல எல்லாரும் அப்பிடித்தான சொல்லுகாவ?"

"இங்க சரிதாம் மக்ளே. அங்க வாசிக்கவன், 2022-ல மயங்கி விழுந்தேன்னு வாசிப்பான்."

ராணுவத்திலும் போலீஸிலும் பயிற்சி முடித்து வெளியேறுவதற்கு இந்த வினை பிரிட்டனிலும் உண்டு. கல்லூரிப் படிப்புக்கு "கிராஜுவேட்டட்" என்று எழுதிவிடுவது நல்லது. இதையே "பாஸ்டு அவே" என்று மாற்றிப் போட்டால் ஆளே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று பொருள். ஒட்டைத் தவறாகப் பிடித்தால் சேதம் இவ்வளவு.

நாம் புத்தகத்தின் வழியே ஆங்கிலத்துக்குள் போனவர்கள்; அதனால் பெரிய சொற்கள் முதலில் பழகிவிட்டன. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் அரசவை, நீதிமன்றம் வழியாக அந்த மொழியில் ஏறின. படிப்பின் வழியாக லத்தீன் சொற்கள் வந்தன. அடுக்களையிலும் தெருவிலும் பழைய சிறு வினைகள் ஒட்டுகளோடு புழங்கிக்கொண்டே இருந்தன. அதனால் ஒரே பொருளுக்கு இரண்டு சொல்: தள்ளிப்போட "போஸ்ட்போன்" அல்லது "புட் ஆஃப்"; பொறுத்துக்கொள்ள "டாலரேட்" அல்லது "புட் அப் வித்"; விசாரிக்க "இன்வெஸ்டிகேட்" அல்லது "லுக் இன்டூ". முதல் சொல் நமக்கு வரும். இரண்டாவதுதான் அவர்கள் வாயில் வரும். அதற்காக அதைக் கொச்சை என்று ஒதுக்கிவிடக் கூடாது. "கேரி அவுட்", "செட் அப்" எல்லாம் அரசு அறிக்கைகளிலேயே சாதாரணமாக வருகின்றன.

நாம் மட்டும் திணறவில்லை. 1755-இல் தன் ஆங்கில அகராதிக்கு எழுதிய முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன், வினைக்குப் பின்னால் சிறுசொல் வந்து பொருளை மாற்றும் இந்த வழக்கம்தான் அயலாருக்குப் பெருஞ்சிரமம் தருகிறது என்று குறிப்பிட்டிருக்கிறார்.

## மரத்தைப் பார்த்தாளா, ரயில் நேரத்தைப் பார்த்தாளா?

இப்போது இயந்திரத்தின் உள்ளே போகலாம். இரண்டு வாக்கியங்கள்.

"ஷீ லுக்டு அப் தி ட்ரீ." பனைமரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"ஷீ லுக்டு அப் தி டைமிங்." ரயில் நேரத்தை எடுத்துப் பார்த்தாள்.

எழுத்தில் இரண்டும் ஒரே அமைப்பு. உள்ளே வேறு வேறு. முதல் வாக்கியத்தில் "அப்" மரத்தோடு சேர்ந்தது. "அப் தி ட்ரீ" என்பது ஒரு கொத்து, எந்தப் பக்கம் பார்த்தாள் என்று சொல்கிறது. பின்னால் வரும் பெயரைப் பிடித்துக்கொள்ளும் இப்படிப்பட்ட சொல்லுக்கு பிரெபொசிஷன் என்று பெயர். இரண்டாவதில் "அப்" வினையோடு சேர்ந்தது. "லுக் அப்" என்பதுதான் கொத்து, தேடி எடுத்துப் பார்ப்பது என்று பொருள். இங்கே அது ஒட்டு.

எது எது என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை. சிறுசொல்லைப் பெயருக்குப் பின்னால் தள்ளிப் பாருங்கள். "ஷீ லுக்டு தி டைமிங் அப்" என்று சொல்லலாம், அட்சர சுத்தமான ஆங்கிலம். "ஷீ லுக்டு தி ட்ரீ அப்" என்று மரத்தை அண்ணாந்து பார்த்ததைச் சொல்ல முடியாது. ஒட்டு நகரும், பிரெபொசிஷன் நகராது.

காதாலும் சோதிக்கலாம். "லுக் அட்", "லுக் ஃபார்" என்னும்போது அழுத்தம் "லுக்" மேல் விழும். "அட்", "ஃபார்" காற்றோடு போய்விடும். "டர்ன் ஆஃப்", "த்ரோ அவே" என்னும்போது "ஆஃப்", "அவே" ஓங்கி ஒலிக்கும். வெளிநாட்டவர் பேச்சைக் கேட்கும்போது அந்தச் சிறுசொல் காதில் தனியாக விழுந்தால் பெரும்பாலும் அது ஒட்டு.

கையேட்டுப் பட்டியல்களின் மேல் எனக்குள்ள கோபம் இதுதான்: ஒட்டு வந்த "டர்ன் ஆஃப்", பிரெபொசிஷன் வந்த "லுக் ஆஃப்டர்" இரண்டையும் ஒரே தலைப்பின் கீழே அடுத்தடுத்து அச்சடித்துவிடுகிறார்கள். பிற்பாடு வகுப்பில் கணக்கு இடிக்கிறது. இலக்கணக்காரர்கள் பலர் "லுக் ஆஃப்டர்", "லுக் ஃபார்" வகையை ஃப்ரேஸல் வெர்ப் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பெயர் எதுவாக இருந்தாலும் இருக்கட்டும், நடத்தை வேறு என்பது நமக்குத் தெரிந்தால் போதும்.

## "இட்" எங்கே நிற்கும்?

"டர்ன் ஆஃப் தி ஃபேன்" சரி. "டர்ன் தி ஃபேன் ஆஃப்" அதுவும் சரி. ஃபேனுக்குப் பதில் "இட்" வந்தால் மட்டும் ஒரே வழிதான்: "டர்ன் இட் ஆஃப்". இட், ஹிம், ஹெர், தெம், மீ என்று பெயருக்குப் பதில் வரும் எல்லாச் சொல்லுக்கும் இதே விதி. இவற்றைப் பள்ளியில் ப்ரோநவுன் என்று படித்திருப்போம். "பிக் மீ அப் அட் வடசேரி" என்போம். "பிக் அப் மீ" என்று யாரும் சொல்வதில்லை.

விதியை மனப்பாடம் செய்வதைவிடக் காரணத்தைப் பிடித்துக்கொள்வது சுலபம். ஆங்கில வாக்கியத்தில் கடைசி இடம் கனமான இடம்; புதுச் செய்தியும் அழுத்தமும் பெரும்பாலும் அங்கேதான் போய் உட்காரும். "இட்" என்று சொல்லும்போதே எது என்று இருவருக்கும் தெரியும். அதில் புதுச் செய்தி ஒன்றுமில்லை, குரலும் அதன் மேல் விழாது. எடையில்லாத சொல்லைக் கடைசியில் நிறுத்தினால் ஆங்கிலக் காதுக்கு வாக்கியம் தொங்குகிறது. எனவே "இட்" நடுவில் நுழைந்துகொள்கிறது, ஓங்கி ஒலிக்கும் "ஆஃப்" கடைசியைப் பிடிக்கிறது.

இதே காரணம் மறுபக்கமும் வேலை செய்கிறது. பெயர் நீளமாகிவிட்டால் அது கனமாகிவிடும், அப்போது நடுவில் திணிக்கக் கூடாது. பூம்புகார் கப்பல் கழகத்தின் படகுப் பயணத்தைக் காற்று காரணமாக ரத்து செய்கிறார்கள் என்று வையுங்கள். "தே கால்டு இட் ஆஃப்" என்று சுருக்கமாகச் சொல்லலாம். விவேகானந்தர் பாறைக்குப் போகும் காலை நேரப் படகுப் பயணம் என்று நீட்டி முழக்க வேண்டுமென்றால் "தே கால்டு ஆஃப்" என்று முடித்துக்கொண்டு, மிச்ச ஊர்வலத்தைப் பின்னால் விட வேண்டும். "கால்டு" ஒரு கரையிலும் "ஆஃப்" மறு கரையிலும் நின்றால் கேட்கிறவர் வழியில் தொலைந்துபோவார்.

பிரெபொசிஷன் வந்த வகையில் இந்த நகர்வே கிடையாது. "லுக் ஆஃப்டர் தி பேபி", "லுக் ஆஃப்டர் ஹெர்". "லுக் ஹெர் ஆஃப்டர்" என்று ஒன்று இல்லை. "ஐ ரேன் இன்டூ ஹிம் அட் தக்கலை": தக்கலையில் அவனைத் தற்செயலாகச் சந்தித்தேன். "ஹிம்" நடுவில் வராது.

ஜெர்மனிக்கு வேலைக்குப் போக இப்போது ஜெர்மன் படிக்கும் பிள்ளைகளுக்கு இது புதிதாகவே தோன்றாது. அந்த மொழியில் எழுந்திருப்பதற்கு "அவுஃப்ஸ்டேஹன்" என்று ஒரே சொல். வாக்கியத்தில் போட்டதும் "அவுஃப்" தனியே கழன்று கடைசிக்குப் போய்விடும். ஆங்கிலமும் ஜெர்மனும் பங்காளிகள். 1806-இல் மயிலாடிக்கு வந்து சேர்ந்த மிஷனரி ரிங்கல்தௌபே பிறப்பால் ஜெர்மானியர். லண்டன் மிஷன் அனுப்பிய அவருக்கு ஆங்கில ஒட்டுகள் நம்மைப் போலப் படுத்தியிருக்காது.

இதுவரை பார்த்தது: ஒட்டு நகரும், பிரெபொசிஷன் நகராது. ஒட்டு இருந்தால் "இட்" நடுவில். பிரெபொசிஷன் இருந்தால் "இட்" கடைசியில்.

## செயப்படுபொருளே இல்லாதவை, மூன்று சொல் உள்ளவை

சில வினைகளுக்கு எதை, யாரை என்ற கேள்வியே எழாது. "தி பஸ் ப்ரோக் டவுன் அட் ஆரல்வாய்மொழி" என்றால் முடிந்தது. டிரைவர் மேல் பழியைப் போட நினைத்து "தி டிரைவர் ப்ரோக் டவுன்" என்று எழுதினால் பஸ் ஓடிக்கொண்டிருக்கும், டிரைவர்தான் அழுதுகொண்டிருப்பார்.

ஒரே கூட்டு இரண்டு விதமாகவும் வரும். கன்னியாகுமரி அம்மன் கோயிலுக்குள் போகும் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும்: "டேக் ஆஃப் யுவர் ஷர்ட்", "டேக் இட் ஆஃப்". திருவனந்தபுரத்தில் விமானம் கிளம்புகிறது: "தி ஃப்ளைட் டுக் ஆஃப்". அங்கே "இட்" வர இடமே இல்லை. ஆகவே ஒரு கூட்டுக்கு ஓர் அர்த்தம் என்று பட்டியல் சொன்னால் நம்பாதீர்கள்.

மூன்று சொல் வந்தால் நடுவில் இருப்பது ஒட்டு, கடைசியில் இருப்பது பிரெபொசிஷன்: "புட் அப் வித்", "ரன் அவுட் ஆஃப்" (கைவசம் தீர்ந்துபோதல்). பெயரும் "இட்"டும் கடைசியில்தான்: "ஐ கான்ட் புட் அப் வித் இட்". இதில் மின்னஞ்சல் எழுதும் எல்லோரும் இடறும் ஒன்று உண்டு. "ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ" என்று முடிப்பார்கள். அந்த "டு", "ஐ வான்ட் டு கோ"வில் வரும் "டு" இல்லை, பிரெபொசிஷன். அதற்குப் பின்னால் பெயரோ பெயர்போல நடக்கும் "-இங்" வடிவமோதான் வரும். "லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ" என்று திருத்திக்கொள்ளுங்கள்.

## ஒட்டுக்குச் சொந்தக் குணம் உண்டு

எல்லாவற்றையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. "அப்" பல இடங்களில் முழுமையைச் சொல்லும்: "யூஸ் அப்", "ட்ரை அப்", "ஃபில் அப்". "ஆஃப்" பிரிவைச் சொல்லும்: "கட் ஆஃப்", "டேக் ஆஃப்", "ஸ்விட்ச் ஆஃப்". "ஆன்" தொடர்ச்சியைச் சொல்லும்: "கோ ஆன்", "கேரி ஆன்". "அவுட்" உள்ளே இருந்ததை வெளியே கொண்டுவரும் அல்லது பரப்பும்: "ஃபைண்ட் அவுட்", "ஹேண்ட் அவுட்".

முழுக்க நம்பிவிடவும் கூடாது. விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதற்கு "ஃபில் இன்" என்றும் சொல்கிறார்கள், "ஃபில் அவுட்" என்றும் சொல்கிறார்கள். உள்ளும் வெளியும் ஒன்றாகிவிட்டன. நாம் சொல்லும் "ஃபில் அப் தி ஃபார்ம்" இந்தியாவில் எல்லா அலுவலகத்திலும் செல்லும், வெளியே அது டேங்கில் பெட்ரோல் நிரப்பும் வாசனை அடிக்கும்.

பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு நாம் சொல்லும் "கெட் டவுன்" கதையும் ஏறக்குறைய இதுவே. அங்கே "கெட் ஆஃப்". "ஆஃப் தி லைட்" மட்டும் எங்கேயும் செல்லாது. ஒட்டு வினை இல்லாமல் தனியாக நின்று வேலை செய்யாது. "ஸ்விட்ச்" அல்லது "டர்ன்" வேண்டும்.

## நோட்டில் எப்படி எழுதுவது?

"டர்ன் ஆஃப் = நிறுத்து" என்று எழுதாதீர்கள். "டர்ன் இட் ஆஃப்" என்று "இட்"டையும் சேர்த்தே எழுதுங்கள். "லுக் ஆஃப்டர் ஹெர்", "புட் இட் ஆஃப்", "லுக் இன்டூ இட்", "ரன் அவுட் ஆஃப் இட்" என்று ஒவ்வொன்றையும் ப்ரோநவுனோடு சேர்த்து வாயால் சொல்லி எழுதினால், நகருமா நகராதா என்ற கேள்வியைப் பரீட்சை ஹாலில் கேட்க வேண்டிய தேவையே வராது. செயப்படுபொருள் இல்லாததற்கு எழுவாயைச் சேர்த்து எழுதுங்கள்: "தி பஸ் ப்ரோக் டவுன்".

எங்கே நிற்கும் என்று சந்தேகம் வந்தால், ஆங்கிலம் கற்போருக்கென்று வந்திருக்கும் அகராதிகளைத் திறந்து பாருங்கள். தலைச்சொல்லே "டர்ன் சம்திங் ஆஃப்", "லுக் ஆஃப்டர் சம்படி" என்ற வடிவில் இருக்கும். பலர் அந்த "சம்திங்"கைக் கண்டுகொள்ளாமல் நேரே அர்த்தத்துக்குத் தாவிவிடுகிறார்கள். அது நிற்கும் இடத்தில்தான் உங்கள் "இட்" நிற்க வேண்டும்.